மூடிய சுரங்கம் ஏன் இன்னும் கசிகிறது?

ஒரு சுரங்கத்தை மூடிவிட்டால் அதன் மாசும் அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வெடிச்சத்தம் இல்லை, லாரி ஓட்டம் இல்லை, இயந்திரங்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடப்பது கல்லும் மண்ணும்தானே? ஆனால் செம்பு, துத்தநாகம், ஈயம் போன்றவற்றைத் தோண்டிய சல்பைடு தாதுச் சுரங்கங்களில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. ஆள் புழங்கிய காலத்தில் ஓரளவு கட்டுக்குள் இருந்த மாசு, எல்லோரும் கிளம்பிப் போன பிறகு முழுவீச்சில் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், வீல் ஜேன் என்றொரு வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. 1991இல் அது மூடப்பட்டது. உள்ளே ஊறும் நீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டிருந்த பம்புகளும் நின்றன. நிலத்தடி நீர் மெல்ல ஏறி, காலியாகக் கிடந்த குடைவுகளை நிரப்பியது. 1992 ஜனவரியில் ஒரு பழைய குடைவின் அடைப்பு பிடுங்கிக்கொண்டது. ஏறக்குறைய 5 கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் பாய்ந்தது. காட்மியம், துத்தநாகம், ஆர்செனிக், இரும்பு எல்லாம் அதில் கரைந்திருந்தன. ஃபால் கழிமுகம் வரை தண்ணீர் காவி நிறமானது. அன்று யாரும் ஆற்றில் எதையும் கொட்டவில்லை. பம்பு நின்றது, அவ்வளவே.

கல் எப்படி அமிலமாகிறது?

சல்பைடு தாது என்றால் உலோகமும் கந்தகமும் பிணைந்த கனிமம். ஈயமும் கந்தகமும் சேர்ந்தது கலீனா. துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்தது ஸ்பாலரைட். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்தது சால்கோபைரைட். இவற்றோடு ஏறக்குறைய எப்போதும் ஒட்டிக்கொண்டு வருவது பைரைட். அது இரும்பும் கந்தகமும் மட்டுமே கொண்டது, பார்ப்பதற்குத் தங்கம்போல மின்னும். சுரங்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் இது வேண்டாத சரக்கு. அதனால் எடுத்த வேகத்தில் கழிவோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அந்தத் தள்ளிவிட்ட பைரைட்டிலிருந்து தொடங்குவதுதான்.

பூமிக்கு அடியில் இருக்கும்வரை பைரைட் யாருக்கும் கேடில்லை. அங்கே காற்று மிகக் குறைவு. கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். தோண்டி வெளியே போட்டதும் ஆக்சிஜனும் தண்ணீரும் அதன்மேல் படுகின்றன. பைரைட் சிதைகிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது, இரும்பு கரைந்து நீரில் இறங்குகிறது.

இது முதல் படி மட்டும்தான். கரைந்த இரும்பு ஆக்சிஜனோடு மேலும் வினைபுரிந்து ஃபெரிக் இரும்பு என்ற வடிவத்துக்கு மாறுகிறது. இந்த ஃபெரிக் இரும்பு சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜனின் உதவிகூட இல்லாமல், நேராகப் பைரைட்டைத் தாக்கி இன்னும் கூடுதலான அமிலத்தையும் இன்னும் கூடுதலான இரும்பையும் உண்டாக்குகிறது. அந்த இரும்பு மறுபடி ஃபெரிக் ஆகிறது, மறுபடி பைரைட்டைத் தாக்குகிறது. தன் விளைவையே தனக்குத் தீனியாக்கிக்கொள்ளும் சுழற்சி இது.

இந்தச் சுழற்சியில் ஒரு தடை உண்டு. அமில நீரில் இரும்பு ஃபெரிக் வடிவத்துக்கு மாறுவது இயல்பாக மிகவும் மெதுவாக நடக்கும். அந்தத் தடையை உடைப்பவை பாக்டீரியாக்கள். இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அதிலிருந்தே தமக்கு ஆற்றல் தேடிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் அமில நீரில் செழித்து வளர்கின்றன. நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் இப்படி ஒரு பாக்டீரியா இருப்பது 1947இல் தெரியவந்தது. அசிடிதயோபேசிலஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று இன்று அதற்குப் பெயர். இவை இந்த ஒரு படியைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவாக்கக்கூடியவை. ஆகவே கழிவுக் குவியலை வெறும் கல்மேடாகப் பார்ப்பது தவறு. அதற்குள் ஒரு வேதிவினை உயிருள்ள உதவியாளர்களோடு நடந்துகொண்டிருக்கிறது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சாட்சி. 1860களில் தொடங்கி 1963 வரை தோண்டப்பட்ட இடம் அது. அங்கே ரிச்மண்ட் என்ற சுரங்கத்தின் உள்ளே எடுத்த நீரின் பிஎச் அளவு கழித்தல் 3.6 என்று பதிவாகியிருக்கிறது. பிஎச் அளவில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். தூய நீருக்கு 7. சுழியத்துக்குக் கீழே இவ்வளவு இறங்கியது அங்கே பைரைட் இடைவிடாமல் சிதைவதால்தான். வினையின் வெப்பத்தால் உள்ளே காற்றும் நீரும் 47 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தன. அங்கிருக்கும் பைரைட் முழுவதும் தீர்ந்துபோக இன்னும் ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் ஆகலாம் என்பது ஒரு மதிப்பீடு. ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆற்றைப் பார்த்தால் இது மிகையாகத் தோன்றாது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாது எடுத்திருக்கிறார்கள், ரோமானியர்களும் எடுத்தார்கள். அந்த ஆறு இன்றும் சிவப்பாகத்தான் ஓடுகிறது, பிஎச் 2க்கும் 3க்கும் இடையில்.

கழிவு என்றால் எவ்வளவு?

நூறு டன் தாதுவில் ஒரு டன் செம்பு இருந்தால் அது பல சுரங்கங்களில் நல்ல தாது. மீதி 99 டன்னும் கழிவு. தாதுவை அடைய அகற்றிய வெற்றுப் பாறையை இதில் சேர்க்கவில்லை. கழிவில் இரண்டு வகை. ஒன்று, உடைத்துக் குவித்த பாறைத் துண்டுகள். மற்றொன்று, ஆலையில் மாவாக அரைத்து, உலோகக் கனிமத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் சேறு. டெய்லிங்ஸ் என்று தொழிலில் சொல்வது இந்தச் சேற்றைத்தான்.

இரண்டாவது வகை கூடுதல் ஆபத்தானது. தாதுவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் சிறிதாக அரைப்பார்கள். கற்கண்டைவிடத் தூள் சர்க்கரை விரைவாகக் கரைவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும்: காற்றும் நீரும் படும் பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது. பாறையாக இருந்தபோது நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்ளக்கூடிய சிதைவு, மாவாக்கிய பிறகு சில ஆண்டுகளிலேயே தென்படத் தொடங்கலாம்.

பழைய சுரங்கக் கழிவு புதியதைவிட மேல் என்றும் எண்ணிவிடக் கூடாது. அரைத்த தாதுவிலிருந்து உலோகக் கனிமத்தை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரைமிதப்பு முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவுவதற்கு முன்பு, தாதுவைக் கையால் பொறுக்கியும் நீரில் அலசியும் பிரித்தார்கள். அதில் நிறைய உலோகம் தப்பிப்போகும். ஈயத்துக்காகத் தோண்டிய பல இடங்களில் துத்தநாகத் தாதுவைப் பயனற்றது என்று குவியலிலேயே எறிந்தார்கள். அதனால் நூறு இருநூறு ஆண்டு பழைய குவியல்களில் உலோக அளவு இன்றைய கழிவைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது சாதாரணம். பொறுப்பேற்க வேண்டிய நிறுவனமோ எப்போதோ இல்லாமல் போயிருக்கும்.

எல்லா உலோகமும் ஒன்றுபோல நடப்பதில்லை

செய்திகளில் ‘கன உலோகங்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு உலோகமும் வேறு வழியில் நகர்கிறது, வேறு இடத்தில் தங்குகிறது, வேறு யாரையோ தாக்குகிறது. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எங்கே காவல் போடுவது என்றே தெரியாது.

துத்தநாகமும் அதனுள் சிறிதளவு கலந்திருக்கும் காட்மியமும் எளிதில் கரைந்து வெகுதூரம் போகக்கூடியவை. அமிலம் தணிந்து நீர் நடுநிலைக்கு வந்த பிறகும் அவற்றில் ஒரு பகுதி கரைந்தபடியே இருக்கும். செம்பு அமில நீரில் கரைந்து ஓடும். அமிலம் குறைந்தால் இலைமட்கு, இரும்புப் படிவு போன்றவற்றில் ஒட்டிக்கொள்ளும். குடிநீரில் செம்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆனால் கால்சியம் குறைந்த மென்னீரில் சில பத்து மைக்ரோகிராம் செம்பே டிரவுட் போன்ற மீன்களைக் கொல்லப் போதும். மனிதர் குடிக்கலாம் என்று சான்றிதழ் பெற்ற நீர் மீனுக்கு நஞ்சாக இருக்க முடியும்; குடிநீர் அளவை வைத்து ஆற்றின் நலத்தைத் தீர்ப்பது இதனால்தான் சரிப்படாது.

ஈயத்தின் குணம் வேறு. கந்தக அமிலத்தோடு சேர்ந்து அது ஈய சல்பேட்டாக மாறும், அது நீரில் எளிதில் கரையாது. எனவே குவியலிலிருந்து வடியும் நீரில் ஈயம் குறைவாகத் தெரியும். பார்த்தவர் நிம்மதி அடைவார். ஈயம் எங்கும் போகவில்லை, குவியலிலேயே இருக்கிறது. காற்றடித்தால் தூசியாகக் கிளம்பும். அந்த மேட்டில் விளையாடிய குழந்தையின் கையில் ஒட்டும், கையிலிருந்து வாய்க்குப் போகும், இரைப்பையின் அமிலத்தில் ஓரளவு கரையும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஈயத்தைத் தேட வேண்டிய இடம் ஆற்றுநீரைவிட வீட்டுத் தரைத் தூசி.

ஆர்செனிக் இன்னும் சிக்கலானது. அமில நீரில் வீழ்படியும் இரும்புப் படிவு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் படிவு ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் புதைந்தால் இரும்பு மறுபடி கரையும், பிடித்து வைத்திருந்த ஆர்செனிக்கும் விடுபடும். காரத்தன்மை மிகக் கூடினாலும் பிடி தளரும். மற்ற உலோகங்களைக் கட்டுப்படுத்த நாம் செய்யும் வேலையே சில சமயம் ஆர்செனிக்கை அவிழ்த்துவிடும்.

நிறத்தை நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. காவி நிற ஓடையைப் பார்த்தால் யாருக்கும் அச்சம் வரும். அந்த நிறம் இரும்பு. அது ஆற்றுப் படுகையில் படிந்து புழுபூச்சிகளை மூச்சுத்திணற வைத்து, மீனுக்கு இரையில்லாமல் செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் கரைந்த துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் நிறமே கிடையாது. அமிலம் மிகுந்து எதுவும் வீழ்படியாத நிலையில் ஓடை பளிங்குபோலத் தெளிந்து, அடியில் ஒரு பாசிகூட இல்லாமல் கிடக்கும். தெளிவாக இருக்கிறதே என்று அதில் கைவைக்க வேண்டாம்.

முதல் மழையின் நஞ்சு

வறண்ட மாதங்களில் குவியலின் மேற்பரப்பில் வெள்ளை, மஞ்சள், பச்சை, நீல நிறங்களில் உப்புப் பூக்கும். அழகாகக்கூட இருக்கும். உள்ளிருந்து மேலே ஏறிய அமில நீர் ஆவியாகிவிட, அதிலிருந்த சல்பேட்டும் இரும்பும் செம்பும் துத்தநாகமும் படிகங்களாக எஞ்சியவைதான் இவை. அமிலமும் உலோகமும் உலர்ந்த நிலையில் அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். முதல் மழை பெய்ததும் அத்தனையும் சில மணி நேரத்தில் கரைந்து ஓடைக்குள் இறங்கும். பல மாதச் சரக்கு ஒரே பொழுதில் வந்து சேர்வதால்தான் மழை தொடங்கிய உடனே மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன.

மாதிரி எடுப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. வறண்ட பருவத்தில் ஒரு முறை, மழைக்கால நடுவில் ஒரு முறை நீர் எடுத்துச் சோதித்துவிட்டு ‘பெரிய சிக்கல் இல்லை’ என்று அறிக்கை எழுதினால், ஆண்டின் மிக மோசமான நாளைத் தவறவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதல் வெள்ளத்தின்போது நீர் எடுத்தார்களா என்பது எந்த அறிக்கையிலும் நான் முதலில் தேடும் வரி.

எவ்வளவு இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது

கழிவை ஆராய்வது என்றதும் ‘ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் ஈயம்’ என்ற எண்தான் முன்னால் வந்து நிற்கும். கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவியை மண்ணில் வைத்தால் ஒரு நிமிடத்தில் மொத்த அளவைக் காட்டிவிடும். பயனுள்ள எண், ஆனால் பாதிக் கதை. இரண்டு குவியல்களில் ஒரே அளவு துத்தநாகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் அது கரையாத கனிமத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. மற்றொன்றில் மேற்பரப்பு உப்பாகப் பூத்திருக்கிறது. மொத்த அளவு இரண்டையும் ஒன்று என்கிறது. அடுத்த மழை அப்படிச் சொல்லாது.

இதைப் பிரித்தறியப் படிப்படியாகக் கரைத்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. அதே மண்ணை முதலில் நீரிலோ மென்மையான உப்புக் கரைசலிலோ அலசுவார்கள். அதில் வருவது மழையிலேயே வந்துவிடக்கூடிய பகுதி. அடுத்து நீர்த்த அமிலம். பிறகு இரும்பு, மாங்கனீசுப் படிவுகளைக் கரைக்கும் கரைசல். பிறகு மட்கையும் சல்பைடையும் சிதைக்கும் ஆக்சிஜனேற்றி. கடைசியாக வீரியமான அமிலங்கள், பாறைக்குள் இருப்பதை எடுக்க. எந்தப் படியில் எவ்வளவு வந்தது என்பதே அந்த உலோகம் எவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான விடை.

ஓர் எச்சரிக்கை. சல்பைடோடு வந்த பகுதியை ‘நிலையானது’ என்று எழுதிவிடும் ஆய்வறிக்கைகள் உண்டு. வயலில் எடுத்த மண்ணுக்கு அது ஓரளவு பொருந்தலாம். சல்பைடு தாதுக் கழிவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அங்கே சல்பைடாக இருப்பது இன்னும் ஆக்சிஜனேற்றம் அடையாத பகுதி, அதாவது வரவேண்டிய மாசு.

குவியல் எதிர்காலத்தில் அமிலமாகுமா என்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கழிவில் உள்ள சல்பைடு கந்தகம் எவ்வளவு அமிலம் தரும், அதே கழிவில் உள்ள சுண்ணாம்புக் கனிமங்கள் எவ்வளவு அமிலத்தை விழுங்கும் என்று இரு பக்கமும் கூட்டிக் கழிப்பார்கள். சுண்ணாம்பு நிறைய இருந்தால் குவியல் அமிலமாகாமலே இருக்கலாம். குறைவாக இருந்தால் அது தீரும் வரை பல ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே தெரியும், தீர்ந்ததும் பிஎச் சரியும். மூடிய பத்து ஆண்டுகள் நீர் சுத்தமாக இருந்தது என்பது பதினோராம் ஆண்டுக்கு உத்தரவாதமில்லை.

ஆற்றிலிருந்து உடலுக்கு

உலோகம் சுரங்கத்திலிருந்து மனித எலும்பு வரை போன பாதை மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகை. மேல்பகுதியில் இருந்த கமியோகா துத்தநாகச் சுரங்கத்தின் கழிவோடு காட்மியம் ஆற்றில் இறங்கியது. அந்த நீர் நெல்வயல்களுக்குப் பாய்ந்தது, மண்ணில் காட்மியம் சேர்ந்தது, அரிசியில் ஏறியது. பல ஆண்டுகள் அதை உண்டவர்களின், குறிப்பாகப் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களின் சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் மென்மையாகித் தாமாகவே முறிந்தன. இதாய் இதாய் நோய் என்று அழைக்கப்பட்ட இது காட்மியத்தால் வந்தது என்று ஜப்பானிய அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. நஞ்சேறிய வயல்களின் மண்ணை மாற்றிச் சீராக்கும் பணி 2012 வரை நீண்டது. குடிநீரில் காட்மியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம்தான். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் 10.

கசிவு எப்போதும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்றில்லை. 1998 ஏப்ரலில் ஸ்பெயினின் அஸ்னால்கோயார் சுரங்கத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை உடைந்து, பல லட்சம் கனமீட்டர் சேறும் அமில நீரும் குவாடியமார் ஆற்றுவழியே பாய்ந்து, டோன்யானா சதுப்புநிலத்தின் வாசல் வரை போனது. 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில், கைவிடப்பட்ட கோல்ட் கிங் சுரங்கத்தின் வாயைத் தூய்மைப் பணிக்காகத் தோண்டியபோதே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு, ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் லிட்டர் வெளியேறியது. அனிமாஸ் ஆறு மஞ்சளாக ஓடிய படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

என்ன செய்யலாம்?

பைரைட், ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சந்தித்தால்தான் அமிலம். ஒன்றை விலக்கினால் போதும். நீரில் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே அரைத்த கழிவைத் தொடக்கம் முதலே தண்ணீருக்கடியில் வைத்தால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் அந்த நீரைத் தாங்கும் அணை காலாகாலத்துக்கும் நிற்க வேண்டும். நீர் வற்றும் இடங்களில் இது நடக்காது. அங்கே களிமண் அடுக்கு, அதன்மேல் மண், அதன்மேல் புல் என்று போர்த்தி நீரையும் காற்றையும் தடுப்பார்கள். மரத்தின் வேரோ எலிவளையோ களிமண்ணைத் துளைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது முடிவில்லாத வேலை.

ஏற்கெனவே அமிலமாகிவிட்ட நீருக்குப் பரவலான மருந்து சுண்ணாம்பு. அதைக் கலந்து பிஎச்சை உயர்த்தினால் உலோகங்கள் ஒவ்வொன்றாக வீழ்படியும்: ஃபெரிக் இரும்பு 3க்கு மேலேயே விழத் தொடங்கும், அலுமினியம் 5ஐ ஒட்டி, துத்தநாகத்துக்கு 8ஐத் தாண்ட வேண்டும், காட்மியத்துக்கு இன்னும் மேலே. முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வெளியேறும் உலோகச் சேற்றை எங்காவது வைக்க வேண்டும், ஆலையை நிறுத்தவும் முடியாது. அமெரிக்காவின் மொன்டானாவில் பெர்க்லி பிட் என்ற செப்புக் குழியில் 1982இல் பம்புகளை நிறுத்திய பிறகு அமில ஏரி உருவாகி, 1995இல் அதில் இறங்கிய 342 பனி வாத்துகள் இறந்து கிடந்தன. அந்த நீரை வெளியே வழியவிடாமல் இறைத்துச் சுத்திகரிப்பதற்கு யாரும் முடிவுத் தேதி குறிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த முறை, சதுப்பு நிலங்களைக் கட்டி அவற்றின் வழியே நீரை மெல்ல ஓடவிடுவது. ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். உலோகங்கள் அதோடு சேர்ந்து மறுபடியும் சல்பைடு கனிமங்களாகவே படியும். குவியலில் நடந்தது அப்படியே பின்னோக்கி நடக்கிறது. நீர் குறைவாகவும் அமிலம் மிதமாகவும் உள்ள இடங்களில் இது கைகொடுக்கும். அயர்ன் மவுண்டன் போன்ற இடத்தில் தாக்குப்பிடிக்காது. செடிகளை வைத்து உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறது. துத்தநாகத்தைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளும் செடிகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் பல மீட்டர் ஆழக் குவியலுக்கு ஓரடி வேர் போதாது. குவியலை மூடி, தூசி பறக்காமல் பிடித்து நிறுத்த உலோகத்தைத் தாங்கும் புல்லை வளர்ப்பதே செடிகளிடம் நியாயமாகக் கேட்கக்கூடிய வேலை.

அண்மைக் காலமாகப் பழைய குவியல்களையே மறுபடி தாதுவாக எடுக்கும் முயற்சிகள் பெருகிவருகின்றன. அன்று வீணாகப் போன துத்தநாகமும் செம்பும் இன்று விலைபோகும் என்பதால் துப்புரவுச் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும். இதை நான் வரவேற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பைரைட்டைத் திரும்பக் கொட்டக் கூடாது. மறுபடி அரைத்த கழிவு முன்பைவிட நுண்ணியது, முன்பைவிட விரைவாக அமிலமாகும். பைரைட்டைத் தனியே பிரித்து, நீர் நிரம்பிய பழைய குடைவுக்குள் சிமென்டோடு கலந்து நிரப்புவதா, அல்லது வேறு எங்கே காற்றுப் படாமல் வைப்பதா என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.